முன்னாள் மாணவர் இன்டர்வியூ: பாலாநகர் வீடுகளுக்குச் சில குறிப்புகள்

அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்ட பிள்ளையை, அதே கல்லூரியில் படித்து முடித்த ஒருவர் அழைத்துப் பேசும் வழக்கம் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி போன்ற இடங்களில் நெடுநாளாக இருக்கிறது. பேசுகிறவர் சம்பளம் வாங்காத தன்னார்வலர். ஹைதராபாத் ஹைடெக் சிட்டியில் வேலை பார்ப்பவராக இருக்கலாம், பாஸ்டனில் இருந்து வீடியோவில் வருபவராகவும் இருக்கலாம். பாலாநகர், மூசாபேட்டை, கூகட்பல்லி பக்கம் இருக்கும் நம் வீடுகள் பலவற்றில் இதுபற்றி விசாரிக்க ஆள் கிடையாது. அவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. எல்லாக் கல்லூரியிலும் இது இல்லை. கொலம்பியா நிறுத்திவிட்டது. பிரவுன், பிள்ளையே தன்னைப் பற்றி எடுத்து அனுப்பும் சின்ன வீடியோவுக்கு மாறிவிட்டது. ஜார்ஜ்டவுனிலோ கட்டாயம் என்றே எதிர்பார்க்கிறார்கள். பல ஊர்களில் முன்னாள் மாணவர்கள் போதிய அளவு இல்லாததால் அழைப்பே வராமல் போகும். அதனால் விண்ணப்பம் பாதிக்கப்படாது என்று கல்லூரிகளே சொல்லியிருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வந்தது, நமக்கு வரவில்லையே என்று கலங்க வேண்டாம்.

2. அழைப்பு பெரும்பாலும் அந்த முன்னாள் மாணவரின் சொந்த மெயில் முகவரியிலிருந்து வரும். ஸ்பாம் பெட்டியில் போய் விழுந்துவிடும். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து தினம் ஒரு முறை அதையும் திறந்து பாருங்கள். வந்தால் ஒரு நாளுக்குள் பிள்ளையே பதில் எழுதட்டும், அப்பா எழுத வேண்டாம். பணம் கேட்டாலோ, ஆதார் நகல் கேட்டாலோ பதில் போடாமல் நேரே கல்லூரி அட்மிஷன் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

3. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உண்மையான சிக்கல் காலண்டர்தான். நவம்பர் 1-க்குள் முன்கூட்டி விண்ணப்பித்தவர்களுக்குப் பெரும்பாலும் நவம்பரிலேயே முடிந்துவிடும். ஜனவரி தொடக்கத்தில் விண்ணப்பித்தவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரியில் அழைப்பு வரும். ஜேஇஇ மெயின் முதல் கட்டம், இன்டர் பிராக்டிகல், சிபிஎஸ்இ தேர்வு எல்லாம் அதே வாரங்களில். தேர்வு இருக்கும் தேதிகளை முதல் பதிலிலேயே பணிவாகச் சொல்லி, வேறு இரண்டு நாள் கொடுத்துக் கேட்கலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள். ரயிலில் உட்கார்ந்துகொண்டு வீடியோவில் பேசுவது நடக்காத காரியம்.

4. இதுதான் முக்கியமான குறிப்பு, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இரண்டு வருஷம் காலை ஆறு மணியிலிருந்து இரவு வரை பிராப்ளம் போட்ட பிள்ளைக்கு வாய் திறந்து பேசும் பழக்கமே விட்டுப்போயிருக்கும். உன்னைப் பற்றிச் சொல் என்றால் மார்க்கையும் ரேங்க்கையும் ஒப்பித்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். எதிரில் இருப்பவரிடம் பெரும்பாலும் விண்ணப்பமே இருக்காது, மார்க் அவருக்குத் தேவையும் இல்லை. இந்தப் பிள்ளை எதைக் கவனிக்கிறது, எதைப் பற்றிப் பேசும்போது குரல் மாறுகிறது என்பதைத்தான் அவர் அறிக்கையில் எழுதுவார்.

எங்கள் தெருவில் லேத் பட்டறை வைத்திருப்பவரின் மகன் ஒருவன். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால், "பிசினஸ்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவான். ஒரு நாள் அவனைப் பட்டறை வாசலில் நிறுத்தி, இது என்ன என்று கேட்டேன். பாட்டில் மூடி செய்யும் அச்சு என்றான். ஏன் சொன்ன அளவைவிடப் பெரிதாகக் கடைகிறார்கள் என்றேன். அதன் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. ஹீட் ட்ரீட்மென்ட் போய் வந்தால் எஃகு லேசாக உருமாறுமாம். அதற்காக 0.2, 0.3 மில்லிமீட்டர் முன்கூட்டியே கூடுதலாக விட்டு, திரும்பி வந்ததும் கிரைண்டிங்கில் தேய்த்துச் சரியான அளவுக்குக் கொண்டுவருவார்களாம். மைக்ரோமீட்டரை எடுத்து வந்து அளந்தே காட்டினான். எந்தக் கல்லூரிக்காரர் கேட்டாலும் காது கொடுத்துக் கேட்கும் பேச்சு அது. அவன் அதைச் சாதாரண விஷயம் என்று நினைத்து ஒளித்து வைத்திருந்தான்.

பாலாநகரில் இப்படிப் பேச விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. 1968-ல் தொடங்கிய மத்திய டூல் டிசைன் நிறுவனம் இங்கேதான். செயற்கைக்கோள் படங்களைக் கையாளும் தேசியத் தொலை உணர்வு மையம் இங்கேதான். சோவியத் உதவியோடு எழுந்த ஐடிபிஎல் மருந்துத் தொழிற்சாலையும் இங்கேதான். டாக்டர் ரெட்டீஸ் கம்பெனியை 1984-ல் தொடங்கிய அஞ்சி ரெட்டி அதற்கு முன் அந்த ஐடிபிஎல்லில்தான் வேலை பார்த்தார். பிள்ளை தினமும் தாண்டிப் போகும் மதில் சுவருக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால், அதிலிருந்து சொந்தமாக ஒரு கேள்வி பிறக்கும். இரவுச் சாப்பாட்டின்போது டிவியை அணைத்துவிட்டு, "இன்னிக்கு எதைப் பார்த்து ஆச்சரியப்பட்டே?" என்று கேளுங்கள். சொன்னதும் "ஏன்?" என்று இன்னொரு கேள்வி, போதும். விண்ணப்பம் போடும் முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.

5. ஒத்திகைக்குக் காசு கொடுத்து ஆள் பிடிக்க வேண்டியதில்லை. எச்ஏஎல்லிலும் தொலை உணர்வு மையத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிள்ளைக்கு அதிகம் பழக்கமில்லாத மாமா ஒருவரிடம் அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். சித்தப்பாவிடம் பேசினால் கூச்சம் தெளியாது. விண்ணப்பம் பற்றிய பொதுச் சந்தேகங்களுக்கு, அமெரிக்க அரசின் ஆதரவோடு நடக்கும் எஜுகேஷன்யுஎஸ்ஏ மையம் ஹைதராபாத்திலேயே உண்டு.

6. பதில்களை எழுதி மனப்பாடம் செய்யவிடாதீர்கள். ஒரு தாளில் ஐந்தாறு சொற்கள் மட்டும் குறித்துக்கொள்ளட்டும்: பட்டறை, தங்கைக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு, பாதியில் விட்ட புத்தகம், இப்படி.

7. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்ந்த பிள்ளைக்கு உச்சரிப்பு பற்றிப் பயம் இருக்கும். அமெரிக்கர் போலப் பேச முயல வேண்டாம். நிதானமாக, வாக்கியத்தை முடித்துப் பேசினால் போதும். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேட்பதில் தப்பே இல்லை.

8. "எங்கள் கல்லூரி ஏன்?" என்ற கேள்வி அநேகமாக வரும். தரவரிசையைச் சொல்வது வீண். ஒரு பாடம், ஒரு ஆய்வுக்கூடம், ஒரு மாணவர் சங்கம் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். திருப்பிக் கேட்கவும் இரண்டு கேள்விகள் கையில் இருக்கட்டும். இணையதளத்தில் கிடைக்கும் விவரத்தைக் கேட்காமல், முதல் வருஷக் குளிர்காலத்தை எப்படிச் சமாளித்தீர்கள், எந்த ஆசிரியர் உங்கள் எண்ணத்தை மாற்றினார் என்று கேட்டால் அவரும் மனம் திறந்து பேசுவார்.

9. நேரக் கணக்கில் ஏமாந்துவிடாதீர்கள். குளிர்காலத்தில் நியூயார்க், பாஸ்டன் நேரம் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். அங்கே சனிக்கிழமை இரவு 8 மணி என்றால் இங்கே ஞாயிறு காலை 6.30. கலிபோர்னியாவுக்குப் பதின்மூன்றரை மணி நேரம். இரண்டு ஊர் நேரத்தையும் கிழமையோடு மெயிலில் எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள்.

10. வீடியோ நாளன்று குக்கர், மிக்ஸி, மோட்டார் மூன்றுக்கும் ஒரு மணி நேரம் ஓய்வு. கரண்ட் போனால் வைஃபையும் போகும் என்பதால் போனில் டேட்டா வைத்திருங்கள். வெளிச்சம் முகத்தில் விழும்படி ஜன்னலைப் பார்த்து உட்காரட்டும். பெற்றோர் அடுத்த அறையில் இருங்கள், கதவோரம் நின்று பதில் எடுத்துக்கொடுக்க வேண்டாம்.

11. நேரில் என்றால் காபிக் கடை போன்ற பொது இடமாக இருக்கட்டும். ஹைடெக் சிட்டிக்கு, பாலாநகர் மெட்ரோவில் ஏறி அமீர்பேட்டையில் ராய்துர்க் ரயிலுக்கு மாறினால் ட்ராஃபிக் கவலை இல்லை. கூடப் போகும் பெரியவர் கடைக்குள் வர வேண்டாம், அருகில் எங்காவது காத்திருக்கலாம். சட்டை, சுடிதார் எதுவானாலும் துவைத்து இஸ்திரி போட்டதாக இருந்தால் சரி, கோட்டு தேவையில்லை. வெறுங்கையோடு போகிறோமே என்று கராச்சி பேக்கரி பிஸ்கட் டப்பாவைக் கொடுத்து அனுப்பாதீர்கள், வாங்குகிறவருக்குத் தர்மசங்கடம்.

12. உதவித்தொகை பற்றி அவரிடம் பேச வேண்டாம், அது அவர் கையில் இல்லை. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி நான்கும் வெளிநாட்டு மாணவரின் வசதியைப் பார்க்காமல் தேர்வு செய்து, தேவைக்கேற்ப உதவி தருபவை. கேட்க வேண்டியதை அவற்றின் நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

13. ஆசியர்கள் என்றால் குறைத்து மதிப்பிடுவார்களோ என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். இதே புகாரோடு ஹார்வர்ட் மேல் தொடுத்த வழக்கு 2018-ல் பாஸ்டனில் விசாரணைக்கு வந்தது. ஆசிய அமெரிக்க மாணவர்களின் குணநல மதிப்பெண்ணை அட்மிஷன் அலுவலகம் குறைத்துப் போட்டது, ஆனால் நேரில் சந்தித்த முன்னாள் மாணவர்கள் வெள்ளை மாணவர்களுக்கு இணையாகவே போட்டார்கள் என்பது வழக்குத் தொடுத்தவர்கள் வைத்த வாதம். நேரில் பார்த்துப் பேசும் அந்த மனிதரைக் கண்டு பயப்பட வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

14. முடிந்த மறுநாள் நான்கு வரியில் நன்றி மெயில், பேசியதில் மனதில் நின்ற ஒன்றைக் குறிப்பிட்டு. அதோடு சரி, "எனக்குக் கிடைக்குமா?" என்று பின்னால் எழுதக் கூடாது. எம்ஐடியிலும் ஹார்வர்டிலும் நூறு பேரில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் இடம் கிடைக்கிறது, இன்டர்வியூ அதில் ஒரு சிறு பங்கு. ஜனவரியில் விண்ணப்பித்தவர்களுக்கு எம்ஐடி முடிவு வழக்கமாக மார்ச் 14 அன்று அங்கே மாலையில் வரும். நமக்கு அது மறுநாள் விடியற்காலை. பிள்ளை தூங்கி எழுந்து பார்க்கட்டும். முடிவு எதுவானாலும், ஏப்ரல் ஜேஇஇக்கும் ஈஏபிசெட்டுக்கும் (பழைய எம்செட்) ஹால் டிக்கெட் வெளிவந்ததும் மறக்காமல் எடுத்து வையுங்கள்.