திறந்த கடலுக்கேற்ற படகு

சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் மிகச் சில. ஆகையால் மீன் பிடிப்போர் பல இடங்களில் அலை மோதும் மணற்கரையினின்றே கடலில் இறங்க வேண்டியிருக்கிறது. இத்தகைய கரைக்குப் படகு தெரிந்தெடுக்குங்கால், அது எவ்வளவு மீன் சுமக்கும் என்பதினும், நீர் புகுந்தால் என்னவாகும் என்பதையே முதலில் ஆராய்தல் வேண்டும்.

கட்டுமரத்தின் சிறப்பு இதுவே. இலேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்தமையால், ஏறிய நீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் அது மூழ்காது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. இவை விரைவும் கொள்ளளவும் மிக்கவை. எனினும் கண்ணாடியிழை நீரினும் கனமானது. அணியத்திலும் அமரத்திலும் நுரை நிரப்பி மூடிய அறைகள் இல்லையேல், நீர் நிறைந்த படகு இயந்திரத்தின் கனத்தால் அமிழ்ந்துபோம்.

எனவே விலை பேசுமுன், அமைதியான ஆழமற்ற நீரில், இயந்திரத்திற்கு ஈடான இரும்பை அமரத்தில் ஏற்றிப் படகை நீரால் நிரப்பிப் பார்க்க வேண்டும். அந்நிலையிலும் சாயாமல் மிதந்து, பற்றிக்கொண்ட ஆட்களைத் தாங்குமாயின் அதனைக் கொள்ளலாம். அணியம் உயர்ந்து புறம் விரிந்திருத்தலும் நன்று. அலை உள்ளே வீழாது விலகும். மிதவை அறைகளைத் துளைத்து மீன் பெட்டியாக்குதல் எக்காலத்தும் ஆகாது. அவ்வறைகளே ஆபத்துக் காலத்தில் உயிர் காப்பவை.