அடைபட்ட திரவத்தின் அமுக்கம்

நெல் மூடைகளுடன் வரும் லொறியின் ரயர் நடுவழியில் காற்றுப் போய்விட்டால் கிளீனர் என்ன செய்கிறார்? ஒயில் ஜக்கை எடுத்து அச்சின் கீழ் வைத்து, அதன் பிடியை மேலும் கீழும் அடிக்கிறார். ஒருவர் கைப்பலத்தால் தொன் கணக்கான பாரம் மெல்ல மெல்ல எழும்புகிறது.

இதற்குரிய விதியை விளக்கியவர் பிரான்ஸ் தேசத்து அறிஞர் பிளேஸ் பஸ்கால். அவர் 1662இல், 39ஆவது வயதில் காலமானார். திரவங்கள் பற்றிய அவருடைய நூல் மறு ஆண்டுதான் அச்சேறியது. மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அமுக்கம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்பதே அவ்விதி. ஒரு சொப்பிங் பையில் நீர் நிரப்பி, வாயைக் கட்டி, பல இடங்களில் ஊசியால் குத்திவிட்டு அமுக்கிப் பாருங்கள். கை அமுக்குவது ஓரிடத்தில். நீர் பீறுவதோ எல்லாத் துளைகளாலும்.

ஜக்கினுள் ஒடுங்கிய உருளை ஒன்றும் அகன்ற உருளை ஒன்றும் ஒயிலால் தொடுக்கப்பட்டுள்ளன. சிறிய முசலத்தின் பரப்பு 1 சதுர சென்ரிமீற்றர், பெரியதன் பரப்பு 20 சதுர சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். சிறியதை 10 கிலோ பாரத்தால் அமுக்கினால், பெரியதன் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் அதே 10 கிலோ தள்ளும். ஆகவே 200 கிலோவைத் தூக்கலாம். இதில் செலவும் உண்டு. பெரியது 1 சென்ரிமீற்றர் உயர, சிறியது மொத்தம் 20 சென்ரிமீற்றர் இறங்க வேண்டும். கிளீனர் அத்தனை தடவை அடிப்பது அதனால்தான். உள்ளேயுள்ள இறப்பர் வாசர் தேய்ந்திருந்தால் ஒயில் கசிந்து வண்டி இறங்கிவிடும். கட்டை முண்டு கொடுக்காமல் ஒருவரும் வண்டிக்குக் கீழே போகக் கூடாது.

பிள்ளைகளுக்குக் காட்ட, ஊசியில்லாத புதிய சிரிஞ்சுகள் இரண்டை, ஒன்று சிறியது, மற்றது பெரியது, மெல்லிய குழாயால் தொடுத்து நீர் நிரப்புங்கள். சிறியதை ஒரு பிள்ளை தள்ளட்டும். பெரியதை மற்றப் பிள்ளை தடுத்துப் பார்க்கட்டும். தடுப்பவர் தோற்பார்! பிறகு குழாயில் கொஞ்சம் காற்றை விட்டுத் தள்ளச் சொல்லுங்கள். தள்ளுவது பஞ்சை அமுக்குவதுபோல் இருக்கும். நீர் சுருங்காது, காற்றுச் சுருங்கும்.

வான், கார் பிறேக்கிலும் இதே கதைதான். மிதி பஞ்சுபோல் இறங்கினால் குழாயில் காற்றுப் புகுந்திருக்கக்கூடும். அதை வெளியேற்றும்வரை வாகனத்தை எடுக்க வேண்டாம். பிறேக் ஒயில் காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கடுகண்ணாவை போன்ற நீண்ட இறக்கங்களில் பிறேக் சூடேற, அந்த நீர் கொதித்து ஆவியாகி, காற்றைப்போலவே ஏமாற்றிவிடும். அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலை ஊற்றுவோரும் உண்டு. அது இறப்பர் உறுப்புகளை ஊதச்செய்து கெடுத்துவிடும்.

கலப்பையைத் தூக்கும் உழவு இயந்திரத்தின் ஒயில் குழாய்களில் அமுக்கம் வளிமண்டலத்தைப்போல 100 மடங்குக்கும் மேற்படும். குழாயில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தால் விரலால் தடவித் தேடாதீர்கள். கலப்பையை நிலத்தில் இறக்கி, எஞ்சினை நிறுத்திய பின்னரே குழாயில் கை வையுங்கள். பீறும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்திய அளவுதான் காயம் தெரியும். முதலில் நோவும் அதிகமிராது. ஆயினும் தாமதித்தால் விரலையே இழக்க நேரலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், அமுக்கத்தில் ஒயில் உள்ளே ஏறிவிட்டது என்று வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.