புது டயர் பின்னால்

அன்புள்ள தம்பி,

மழைக்காலத்துக்கு முன் டயர் பார்ப்பது பற்றி நீ எழுதியதைப் படித்தேன். பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மான மேட்டை விரல்நுனியால் தடவிக் கண்டுபிடிக்கச் சொல்லும் பத்தி அபாரம். இத்தனை வருஷமாக வண்டிகளைப் பற்றி எழுதும் எங்களில் ஒருவருக்கும் அது அப்படி வாய்த்ததில்லை.

அடுத்த பக்கத்திலேயே, "இரண்டு டயர்தான் வாங்க முடியுமென்றால் முன்னால் போடுங்கள்" என்று எழுதிவிட்டாயே! கோபம்தான் வந்தது. முன்சக்கர இழுவை வண்டியில் இழுப்பது, திருப்புவது, பிரேக்கில் பெரும்பங்கு எல்லாமே முன் டயர். சீக்கிரம் தேய்வதும் அதுதான். அதனால் நல்லதை அதற்கே கொடுக்கலாம் என்று எல்லாருக்கும் தோன்றும். அதைச் சொல்ல நீ எதற்கு?

தேங்கிய தண்ணீரில் முன் டயர் பிடிப்பை விட்டால் ஸ்டீயரிங் லேசாகும், கைக்கே தெரியும். ஆக்ஸிலேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்தால் வேகம் தணிந்து பிடிப்பு திரும்பும். பின் டயர் விட்டால் கைக்கு ஒன்றுமே தெரியாது. வளைவில் வண்டியின் பின்பக்கம் வெளியே வீசும்போதுதான் தெரியும். பயத்தில் காலை எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து, பின்னால் மிச்சமிருந்த பிடிப்பும் போய்விடும். முன்னால் புது டயர் என்றால் இன்னும் ஆபத்து. அது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதால் ஓட்டுபவருக்கு வேகத்தைக் குறைக்கவே தோன்றாது.

மாருதி 800 தெருவுக்குத் தெரு வந்திருந்த காலத்தில், ஐப்பசி மழை பிடித்தால் எனக்குப் பழக்கமான ஷெட்டுக்கு இப்படி வண்டிகள் வரும். பின்பக்கத் தகடு நசுங்கியிருக்கும், முன் பம்பரில் கீறல்கூட இருக்காது. "யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி இருந்தது" என்பார் ஓட்டிவந்தவர். மேஸ்திரி பதில் சொல்லாமல் குனிந்து பின் டயரைப் பார்ப்பார். மொட்டையாக இருக்கும். முன்னால் ஓடித் தேய்ந்ததைப் பின்னால் தள்ளியிருப்பார்கள்.

இன்னொன்று. 1.6 மி.மீ. வரை கவலையில்லை என்கிறாய். அது சட்டம் வைத்திருக்கும் கடைசி எல்லை. புதிதில் சுமார் 8 மி.மீ. இருந்த பள்ளம் 3-க்கு வரும்போதே தண்ணீரை வெளியே தள்ளும் திறன் வெகுவாகக் குறைந்திருக்கும். மழையில் அதற்குக் கீழே நான் நம்பி ஏறமாட்டேன்.

அடுத்த இதழிலேயே திருத்திவிடு. புது ஜோடி பின்னால், இருப்பதில் குறைவாகத் தேய்ந்த ஜோடி முன்னால். பின்சக்கர இழுவை வண்டிக்கும் இதேதான். கடைப் பையன் பழக்கத்தில் புதுசை முன்னால் மாட்டத்தான் பார்ப்பான். ஜாக்கியை இறக்கும்வரை பக்கத்திலேயே நிற்கச் சொல்லி எழுது.

அன்புடன்,
உன் வாசகன்