வார்டில் உன் இடம்

மார்த்தாண்டம்

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதிக்கொள்வது. திருவனந்தபுரத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமாகியும், கல்யாண வீட்டில் யாருக்கும் தெரியாத விருந்தாளிபோல நிற்கிறேன் என்று எழுதியிருந்தாய். மற்ற சிஸ்டர்கள் டீ குடிக்கக் கூப்பிடுவதில்லை என்ற வருத்தமும் புரிகிறது. கூப்பிடுவார்கள். ஆனால் அதை எதிர்பார்த்து உட்காராதே. நைட் டூட்டியை உன்னிடம் ஒப்படைத்த சிஸ்டர் கவலையில்லாமல் பஸ் ஏறுகிறாளா என்று பார். வார்டில் உனக்கு இடம் கிடைத்ததற்கு அதுதான் அடையாளம்.

அந்த நம்பிக்கை சின்னச் சின்ன வேலையில்தான் வரும். நம் நாட்டில் இன்சுலின் குப்பி இரண்டு வகை: ஒரு மில்லியில் 40 யூனிட், 100 யூனிட். முதல் வகைக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, மற்றதற்கு ஆரஞ்சு மூடி. அவசரத்தில் 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடுவரை இழுத்தால், உள்ளே போவது 25 யூனிட். சர்க்கரை சரிந்து நோயாளியின் உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால் குப்பியையும் சிரிஞ்சையும் இன்னொரு சிஸ்டரிடம் காட்டிவிட்டுப் போடு. 'இதுகூடத் தெரியாதா' என்று ஒருத்தி முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மருந்து கொடுத்த பிறகே சார்ட்டில் எழுது. தவறு நேர்ந்தால் அப்போதே இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல். மறைக்கிறவளிடம் யாரும் நோயாளியை நம்பி விடமாட்டார்கள்.

மலையாளம் சீக்கிரம் படித்துக்கொள். அதற்காகத் தமிழை ஒளித்துவைக்காதே. மெடிக்கல் காலேஜ், ஆர்.சி.சி., ஸ்ரீசித்திரா என்று அங்குள்ள ஆஸ்பத்திரிகளுக்கு நாகர்கோவிலிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வருகிறவர்கள் எத்தனை பேர்! காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை என்பதை வெட்கப்பட்டு மறைத்த பாட்டி, உன் தமிழைக் கேட்டதும் சொல்லிவிடுவாள்.

'நான் தற்காலிகம்தானே' என்றும் எழுதியிருந்தாய். பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நிபா நோயாளியைக் கவனித்து, அதே நோயால் 2018 மே 21 அன்று இறந்த நர்ஸ் லினியும் நிரந்தரப் பணியில் இருந்தவர் அல்ல. நிரந்தர உத்தரவு வரட்டும், அப்புறம் நல்ல நர்ஸாக இருக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

ஆனால் அவர் பெயரைச் சொல்லி, 'இது சேவைதானே' என்று யாராவது உன் சம்பளத்தில் கைவைத்தால் ஒத்துக்கொள்ளாதே. 2017-ல் தனியார் மருத்துவமனை நர்ஸுகள் ஒன்றுசேர்ந்து போராடியதன் பலனாக, 2018 ஏப்ரலில் கேரள அரசு அவர்களுக்குக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய் என்று அறிவித்தது. யாரும் தானமாகத் தந்ததல்ல அது. சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போ. சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கி வை. வேலையில் சுத்தமாக இருப்பவள் கூலி கேட்கக் கூச வேண்டியதில்லை.

உனக்குப் பின்னால் இன்னொரு பெண் புதிதாக வருவாள். அவள் சிரிஞ்சைக் கொண்டுவந்து காட்டினால் முகம் சுளிக்காமல் பார்த்துச் சொல். வெறும் வயிற்றோடு டூட்டிக்குப் போகாதே.

அன்புடன்,
பெரியம்மா