முழங்கை ஷாக்கும் மரத்துப்போன சுண்டுவிரலும்

பெஞ்சு முனையில முழங்கை இடிச்சா சுண்டுவிரல் வரைக்கும் 'சுர்ர்'னு ஷாக் அடிக்குமே, ஏன் தெரியுமா? அங்கே தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது அல்நார் நரம்பு (படத்தில் நீலக் கோடு).

எங்க தெரு மாமா அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஆபரேட்டர். அவருக்கு சுண்டுவிரல் மரத்துப்போச்சு. மிஷின் வேலையாலதான்னு நினைச்சு, மெடிக்கல் ஷாப்பில் பி காம்ப்ளெக்ஸ் வாங்கி மூணு மாசம் போட்டார். சத்துக் குறைவால் வந்த மரப்புக்குத்தான் அது கேட்கும். ஒருநாள் டீ டம்ளர் சுட்டதே தெரியாமல் விரலில் கொப்புளம்! அப்புறம்தான் அரசு மருத்துவமனைக்குப் போனார். டாக்டர் முழங்கையைத் தடவினார், நரம்பு கயிறு மாதிரி தடிச்சிருந்தது. முதுகில் ஒரு வெளிர் தேமல். அதைத் தொட்டால் உணர்ச்சியே இல்லை. தொழுநோய்.

இந்தக் கிருமி நரம்பின் ஷ்வான் செல்லுக்குள் குடியிருக்கும். ரிஃபாம்பிசின், டாப்சோன், க்ளோஃபாசிமின் சேர்ந்த கூட்டு மருந்து அதைக் கொல்லும். அரசு இலவசமாகவே தருகிறது. மருந்து ஆரம்பிச்சதும் அடுத்தவருக்குப் பரவுவது சீக்கிரமே நின்னுடும். ஆனால் கிருமி செத்தால் நரம்பு சரியாகிடுமா? அங்கேதான் சிக்கல். கிருமியோடு உடம்பு போடும் சண்டையில் நரம்பு வீங்கி, தன் உறைக்குள்ளேயே நசுங்கும். அந்த வீக்கத்தைக் குறைக்கத்தான் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. பெரியவர்களுக்கு வழக்கமாக தினம் 40 மி.கி.யில் தொடங்கி, பல வாரங்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். நாமே வாங்கிப் போடவும் கூடாது, திடீர்னு நிறுத்தவும் கூடாது. சர்க்கரை ஏறும், வயிறு புண்ணாகும்.

உணர்ச்சி போய் 6 மாதத்துக்குள் ஆரம்பித்தால்தான் இது நன்றாக வேலை செய்யும். அறுந்த நரம்பு நாரை வளர வைக்கிற மாத்திரை இன்னும் கிடையாது. அது தானாகத்தான் வளரணும், ஒரு நாளைக்கு சுமார் 1 மி.மீ. என் முழங்கையிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஸ்கேல் வச்சு அளந்தேன்: 36 செ.மீ. கணக்கு போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட ஒரு வருஷம்!

1940-களில் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்கு வந்த வேலூர் டாக்டர் பால் பிராண்ட், மடங்கிய விரல்கள் உள்ள ஒரு நோயாளியிடம் கை கொடுத்தார். பிடி இரும்பு மாதிரி இருந்ததாம்! சதையை நோய் தின்னவில்லை, சில நரம்புகள்தான் செத்திருக்கு என்று புரிந்துகொண்டு, நல்ல தசையின் நாணை மாற்றிக் கட்டி விரலை நிமிர்த்தினார். மருந்துக்கு நேரம் தவறியவர்களுக்கு இன்றும் அதுதான் வழி.

மாமா திரும்ப வேலைக்குப் போறார். டம்ளர் சூடு இப்போ தெரியுதாம். சுண்டுவிரல் மட்டும் இன்னும் முழுசா நிமிரல.