ஈரவாடை உணர்த்திய நன்றி

தொப்பூர்க் கணவாயின் ஏற்ற இறக்கம் கடந்து வரும் அடியார்கள், திருவரங்கத்து அழகிய மணவாளன் காடும் மலையும் கடந்த வரலாற்றைச் சிந்தித்தல் தகும்.

1323-இல் படையெடுப்பு நேர, அடியார்கள் உற்சவத் திருமேனியை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே சென்றனர். முதுமையிலும் உடன்சென்ற பிள்ளை லோகாசாரியர் ஜ்யோதிஷ்குடியில் பரமபதித்தார். 1371-இல் திருமேனி மீண்டபோது, 'இதுவே பழைய திருமேனி' என உறுதி கூறுவார் அரியராயினர். கண்ணிழந்த முதிய ஈரங்கொல்லி ஒருவர், திருமஞ்சனம் செய்த ஈரவாடைத் தீர்த்தத்தைச் சுவைத்து, 'இவரே நம்பெருமாள்' என்று தெளிந்தார் என்பது கோயில் வரலாறு. அப்பெயரே இன்றும் வழங்குகிறது.

மூப்பு அவர் கண்ணைக் கொண்டது. 48 ஆண்டுப் பிரிவு அவர் நன்றியைக் கொள்ளவில்லை. பெற்ற பேற்றை மறவாதாரே இழந்ததை மீண்டும் அறிய வல்லவர். நோயிலும் இழப்பிலும் வருந்தும் அன்பர்கள் இதனை நெஞ்சிற் கொள்வாராக.