தீயை அணுகுமுன் திரும்பும் வழி

அமெரிக்காவின் மான்டானா மாகாணத்தில், மிசௌரி நதியை ஒட்டிய மான் கல்ச் என்னும் மலைப்பள்ளத்தில், 1949 ஆகஸ்ட் 5ஆம் தேதி, பாராசூட்டில் இறங்கிய 15 தீயணைப்பு வீரர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்ட வனக்காவலர் ஒருவரும் நதியை நோக்கி நடந்துகொண்டிருக்கையில், தீ இடையே புகுந்து வழிமறிக்க, செங்குத்தான புற்சரிவில் மேல்நோக்கி ஓடியவர்களில் 13 பேர் மாண்டனர். தலைவர் வாக்னர் டாட்ஜ் தமக்கு முன்னிருந்த புல்லைத் தாமே கொளுத்தி, அந்தச் சாம்பலிலே படுத்து உயிர் தப்பினார். அவர் அழைத்தும் மற்றவர்கள் அவரைக் கடந்து ஓடினர். முன்கூட்டிச் சொல்லப்படாத யுக்தி, அந்த நிமிஷத்தில் அவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகவே தோன்றியிருக்கும்.

காட்டுத்தீக் குழுத் தலைவரான பால் கிளீசன், 1991இல், பார்வைக் காவலர், தகவல் தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பிடம் என்னும் நான்கையும் ஒரே ஏற்பாடாகக் கொள்ளும்படி வகுத்தார். அவர் வரிசை அதுவாயினும், ஸ்தலத்தில் கடைசியிலிருந்து தொடங்குவதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். சேருமிடம் நிச்சயமாகாமல் வழியை எங்ஙனம் வகுப்பது?

ஆகவே, மண்வெட்டியைத் தொடுமுன் பாதுகாப்பிடத்தை நிர்ணயியுங்கள். முற்றும் எரிந்து ஆறிய நிலமோ, எரிபொருளற்ற அகன்ற வெளியோ உத்தமம். சமநிலத்தில், காற்றில்லாத வேளையில், சுவாலையின் உயரத்தைப் போல் நான்கு மடங்கு தூரமாவது சுற்றிலும் இடைவெளி வேண்டும். 10 மீட்டர் சுவாலைக்கு 40 மீட்டர். சரிவும் காற்றும் சேர்ந்தால் இந்தக் கணக்கு போதாது.

அடுத்து, அவ்விடத்துக்கு இரண்டு வழிகளேனும் குறித்து, குழுவிலே மிக மெதுவாக நடப்பவரைச் சுமையோடு நடக்கவிட்டு நேரம் பாருங்கள். மேட்டுவழியை இயன்றவரை தவிருங்கள்: சரிவில் சுவாலை மேற்புறம் சாய்ந்து, மேலுள்ள புல்லையும் புதரையும் முன்னதாகவே உலர்த்திச் சூடாக்குவதால், மனிதனின் வேகம் குறையும் அதே இடத்தில் தீயின் வேகம் பெருகுகிறது. வேலை முன்னேற முன்னேறத் தூரம் கூடுவதால், நேரத்தையும் மீண்டும் கணிக்க வேண்டும்.

பிறகு, அனுபவசாலி ஒருவரை, தீயும் குழுவும் ஒருங்கே தெரியும் இடத்தில் பார்வைக் காவலராக நிறுத்துங்கள். தீ இன்ன பாறையைத் தாண்டினால் உடனே புறப்பாடு என்று எல்லையை முன்னமே முடிவு செய்துகொள்ளுங்கள். தீ அருகில் வந்தபின் விவாதிக்க அவகாசமிராது. அரிசோனாவின் யார்னெல் மலையில், 2013 ஜூன் 30 அன்று, பார்வைக் காவலர் தம் இடத்தை விட்டு விலக நேர்ந்தபின், எரிந்த நிலத்திலிருந்து புதர் மண்டிய பள்ளத்துக்குள் இறங்கிய 19 வீரர்களைத் தீ சூழ்ந்துகொண்டது. நான்கில் ஒன்று நழுவினாலும், அது சீராகும்வரை வேலையை நிறுத்துவதே விவேகம்.

வயர்லெஸ்ஸைச் சோதிப்பதும், கேட்ட உத்தரவைத் திருப்பிச் சொல்லச் சொல்வதும் சிறு காரியங்கள். இளையவன் ஆட்சேபம் கூறினால் முகம் சுளிக்காதிருப்பது அத்தனை சிறிதன்று.

பின்வாங்கும் உத்தரவு வந்ததும், அறுவை இயந்திரத்தையும் மூட்டையையும் தயக்கமின்றிப் போட்டுவிடுங்கள். பழகிய கருவியை எறியக் கை எளிதில் துணியாது. ஆதலால் பயிற்சியின்போதே எறிந்து பழக வேண்டும். தண்ணீரையும் அலுமினியத் தகடு வேய்ந்த மடிப்புக் கூடாரத்தையும் மட்டும் விடாதீர்கள். அக்கூடாரம் வெப்பக் கதிர்களைத் திருப்புமேயன்றி நேரடிச் சுவாலையை நெடுநேரம் தாங்காது. அதை நம்பித் தீயை நெருங்குவது தகாது.